ரூபனின் மைக் டெஸ்டிங்

"மாஸ்டர், ரூபனுக்கு நினைவுக் கூட்டம் எப்படி நடத்துறது?"

கஜபதி இதைக் கேட்டபோது மொட்டை மாடியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஃப்ளோரா மாஸ்டர் துணிக் கொடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தம் பேஸ் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் கஜபதி. நடுவில் யாரோ காயப்போட்ட ஈரப் போர்வை. அந்த ஊரடங்குக் கோடையில் குருவுக்கும் சீடனுக்கும் நடுவில் ஒரு போர்வை அகலமாவது இருக்க வேண்டியிருந்தது.

"என்ன அவசரம், தோழர்?"

"செத்து ஒரு மாசம் ஆவப்போவுது. ஒருத்தன் ஒரு வார்த்த பேசல."

"பேசுனா?"

"பேசுனாத்தானே அவன் இருந்தான்னு ஆவும்."

போர்வைக்குப் பின்னால் தடிக் கம்பி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அதுதான் பதிலா, துணி பட்டுவிட்டதா என்று கஜபதிக்குத் தெரியவில்லை.

ரூபன் அந்தக் குடியிருப்பில் பிறந்தவன். எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூடிக் கிடந்த மில்லின் கேட் முன்னால் நின்று அவன் கத்தினால், உள்ளே துருப்பிடித்த தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டன என்று தோன்றும். ராக் பாட்டு என்பது பணக்காரப் பிள்ளைகள் தலையாட்டுகிற சமாசாரம் என்று நினைத்திருந்தவர்கள், அந்த கேட் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவனுக்கு இடது பக்கத்தில் நின்று இருபது வருஷம் பேஸ் வாசித்த பெண்மணி ஃப்ளோரா.

கஜபதி அந்த மில்லின் சங்கச் செயலாளராக இருந்தவர். மில் போனது, சங்கம் போனது, பேச்சைக் கேட்க ஆள் போனது. அதன் பிறகுதான் தம்மைவிட வயதில் இளைய ஃப்ளோராவிடம் போய், "எனக்குக் கம்பி கத்துக் குடுங்க" என்று நின்றார். நாலு வருஷமாகியும் முதல் கம்பியைத் தாண்டவில்லை. "ஒரு மில்லையே ஆட்டி வெச்ச மனுசன், ஒரு கம்பி அடங்க மாட்டேங்குது பாருங்க" என்று மாஸ்டர் சிரிப்பார். கஜபதி மற்றவர்களிடம் கோபப்படுவதுபோல் அவரிடம் கோபப்பட்டதில்லை.

ரூபன் மூச்சு முட்டிப் போனான். வெள்ளைப் பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட நான்கு பேர் அவனைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எத்தனையோ தோழர்களின் பாடையைச் செங்கொடி போர்த்தித் தூக்கியவர் கஜபதி. அன்றைக்குச் சாலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, முஷ்டியை உயர்த்தி, தனியாளாக வீரவணக்கம் முழங்கினார்.

"பெரியவரே, மாஸ்க்க ஏத்துங்க" என்றார் காவலர்.

அவ்வளவுதான் ரூபனுக்குக் கிடைத்த மரியாதை.

அதிலிருந்து கஜபதிக்குள் ஒரு பேச்சு வளர்ந்துகொண்டே இருந்தது. எழுதி வைத்துப் படிக்கிறவர் இல்லை அவர். 'உழைக்கும் மக்களின் ஒப்பற்ற குரலே' என்று தொடங்கும். அங்கிருந்து மில்லுக்குப் போகும், மில்லிலிருந்து ஆட்சிக்குப் போகும், ஆட்சியை நாலு கிழி கிழித்துவிட்டு ரூபனிடம் திரும்பி வரும். சோறு போடாதவர்கள் தட்டைத் தட்டச் சொன்ன கதையும் அதில் இருந்தது. இதை ஒருமுறை பேசிவிட்டால் போதும், ரூபனை மண்ணுக்குள் விட்டுவிடலாம். பேசாதவரை அவன் இந்த மாடியிலேயேதான் சுற்றுவான்.

உண்மையாகவே சுற்றினான். மத்தியானங்களில் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருப்பான். கஜபதியைத் திரும்பிப் பார்க்க மாட்டான். மில்லின் புகைபோக்கி, தண்ணீருக்கு அடியில் நிற்கும் நாணல் மாதிரி மெல்ல அசையும். தெருவில் வண்டி இல்லை, ஆள் இல்லை. காக்கை கரைவதுகூட ரொம்ப தூரத்திலிருந்து, பஞ்சு சுற்றிக் காதுக்கு வரும். தரை சற்று இறங்கும், பிறகு ஏறும். கஜபதி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வார். துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணிக்கொள்வார்.

துக்கம் மட்டும் இல்லை. பசி.

கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். முப்பது வருஷமாக மில் கேட்டருகே ஒரு மெஸ்ஸில்தான் சாப்பாடு. ஊரடங்கில் மெஸ்காரர் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு நடந்துவிட்டார். கஜபதியின் வீட்டில் இருந்தது ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு டீ பாத்திரம். வாங்கி வைத்த பன்னும் ரஸ்க்கும் தீர்ந்தன. கீழே நிவாரணப் பொட்டலம் வந்து மக்கள் தரையில் வரைந்த வட்டங்களுக்குள் தள்ளித் தள்ளி நின்றபோது, அவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்களுக்குக் கேட்டு வாங்கித் தருவது அவர் வேலை. வரிசையில் நின்று வாங்குவது அவர் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. படியில் எதிர்ப்பட்டவர்கள், "சாப்ட்டியா தோழரே?" என்பார்கள். "ஆச்சு, ஆச்சு" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து சொல்லிவிட்டு ஏறிவிடுவார்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வெச்சிக்கலாம்" என்றார் ஃப்ளோரா மாஸ்டர், போர்வைக்கு அப்பாலிருந்து. "கூட்டம் கூடக் கூடாது. அவங்கவங்க பால்கனியில நிக்கட்டும். ஸ்பீக்கர இங்க போட்டுக்கலாம். மொதல்ல மைக் டெஸ்டிங், அப்புறம் நீங்க பேசுங்க. எவ்ளோ நேரம் வேணும்?"

"முக்கால் மணி."

"ரூபன் பாட்டே நாலு நிமிசந்தான், தோழர்."

"அவன் பாட்டு. நான் விளக்கணும்ல?"

மாஸ்டர் கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாஸ்டரே ஸ்பீக்கரைத் தூக்கி வந்தார். கடைசிப் படிகளில் ஒரு பக்கம் பிடிக்கப் போன கஜபதிக்குக் கண் இருட்டியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெயில்" என்றார்.

"ம்" என்றார் மாஸ்டர். அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரைத் தனியாகவே ஏற்றினார்.

எதிரும் புதிருமாக நின்ற நான்கு பிளாக்கிலும் ஜனங்கள் பால்கனிக்கு வந்திருந்தார்கள். எல்லா முகத்திலும் பாதிக்குத் துணி. எதிர் பிளாக்கின் கீழ்வீட்டில் நோய் வந்ததென்று வாசலுக்குத் தகரம் அடித்திருந்தார்கள். தகரத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் அந்த வீட்டு சுலோச்சனாவின் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. ஆம்ப்ளிஃபயர் பெரிய வண்டைப் போல ரீங்கரித்தது. தொட்டியின் மேல் ரூபன் இருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். கஜபதி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, உழைக்கும் மக்களின் ஒப்பற்ற குரலே என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

மாஸ்டர் மைக்கைத் தட்டினார். ஒன் டூ த்ரீ சொல்லவில்லை.

"சுலோச்சனாக்கா, இன்னிக்கு என்ன சாப்ட்ட?"

கேள்வி எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பியது. தகரத்துக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது.

"அய்யோ, ரூபன் டெஸ்டிங்! ரவா உப்புமா, ஃப்ளோரா! மூணு நாளா அதேதான்!"

பால்கனிகள் கலகலத்தன. கஜபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன மாஸ்டர் இது?"

"அவன் டெஸ்டிங் இப்படித்தானே, தோழர். ஸ்பீக்கர் கட்டுனதும் மைக்க எடுத்துனு போய் ஒவ்வொருத்தர் வாயிலயும் நீட்டுவான். 'ஒன் டூ த்ரீ சொன்னா சத்தம் வருதுன்னு தெரியும், வேற என்னா தெரியும்'னுவான். நீங்க பாத்ததில்லையா?"

கஜபதி பார்த்ததில்லை. தலைவர்கள் கூட்டம் கூடின பிறகுதான் வருவார்கள். அவரும் மூன்றாவது பாட்டுக்கு வருவார். ஜனங்கள் விலகி வழிவிடுவார்கள். மேடையிலிருந்து ரூபன் அவர் பெயரைச் சொல்வான். கூட்டம் நிரம்புவதற்கு முன்னால் மைதானத்தில் என்ன நடந்தது என்று அவர் கேட்டதே இல்லை.

"ரெண்டாவது மாடி ஷெரிஃபா?"

"பருப்புக் கொழம்பு!"

"உன் பருப்புக் கொழம்புக்கு வைரஸே ஓடிப்போவும்டி!" என்றது மேல் மாடி.

"மேல் மாடி, வாய் பேசுறியே, நீ என்ன சாப்ட்ட?"

"காலைல கஞ்சி" என்றது மேல் மாடி, சின்னக் குரலில்.

ஷெரிஃபா உள்ளே போனாள். அந்தக் குடியிருப்பில் காய்கறி வண்டிக்காகக் கயிற்றில் வாளி இறக்குவது வழக்கம். இப்போது மேல் மாடியிலிருந்து ஒரு மஞ்சள் வாளி, ஆடி ஆடி, ஷெரிஃபாவின் பால்கனிக்கு வந்து நின்றது. நிரம்பி ஏறியது. ஓடுன வைரஸ் திரும்பி வராம பாத்துக்கோடி என்று அவள் கத்தினாள்.

மாஸ்டர் கேட்டுக்கொண்டே போனார். புளிச்சோறு. முட்டை. பிள்ளை சாப்ட்டான், நான் இல்ல. ஊறுகாய் மட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் எங்கோ ஒரு வாளி அசைந்தது. அந்தி வெளிச்சத்தில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வாளிகள் ஏறி இறங்கியது, கஜபதியின் கண்ணுக்கு மீன்கள் நீந்துவது போலிருந்தது. கீழே பைக்கை நிறுத்தி லத்தியை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்தார் ஒரு காவலர்.

"யாரும்மா மைக் போட்டது?"

"நான்தான் சார். நீங்க சாப்ட்டீங்களா?"

காவலர் இரண்டு பக்கமும் பார்த்தார். "பொட்டலம் இன்னும் வர்ல" என்றார். பச்சை வாளி ஒன்று அவர் தலைக்கு நேரே இறங்கத் தொடங்கியது.

கஜபதிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைகிறது. இந்தக் கூத்து முடிந்து எப்போது பேசுவது? அப்போது மாஸ்டர் மைக்கை மருந்து தொட்டுத் துடைத்து, ஸ்டாண்டில் மாட்டி, கொடியில் இன்றும் தொங்கிய போர்வைக்குப் பின்னால் விலகிப் போனார்.

"வாங்க, தோழர்."

கஜபதி மைக் முன்னால் நின்றார். முதுகு தானாக நிமிர்ந்தது. "உழைக்கும் மக்களின்…"

"டெஸ்டிங், தோழர்."

"என்ன?"

"இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க?"

'ஆச்சு' என்று சொல்ல வாய் குவிந்துவிட்டது. படியில் எத்தனை தடவை சொன்ன வார்த்தை. ஆனால் எதிரே இருந்தது மைக். அவர் போலீஸிடம் பொய் சொல்லியிருக்கிறார், முதலாளியிடம் சொல்லியிருக்கிறார், அவசரத்துக்குச் சங்க ஆபீசிலும் சொல்லியிருக்கிறார். மைக்கில் சொன்னதில்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் தோற்ற பிறகும் தலை நிமிர்ந்து அந்தத் தெருவில் நடந்தார்.

ஸ்பீக்கர் ரீங்கரித்தது. நான்கு பிளாக்கும் காத்திருந்தது.

"டீ" என்றார் கஜபதி.

டீ, என்றது எதிர்ச் சுவர்.

"நேத்து?"

"டீ."

"அதுக்கு முன்னாடி?"

அவர் மூச்சை மட்டும் ஸ்பீக்கர் வாங்கி எல்லா வீட்டுக்கும் கொடுத்தது.

முதலில் வெடித்தது தகரம்தான். சுலோச்சனா அதைக் கையால் அறைந்தாள்.

"அடப்பாவி மனுசா! தெனம் இங்கேர்ந்து கத்திக் கேட்டனே, ஆச்சு ஆச்சுன்னியே! எங்க வாசலுக்குத்தான் தகரம் அடிச்சாங்க, உன் வாய்க்கு யாருய்யா அடிச்சது?"

"எனக்கு வேணாம்மா" என்றார் கஜபதி, மைக்கிலேயே. "இல்லாதவங்களுக்குக் குடுங்க."

"இல்லாதவருதான் மைக்ல நிக்கிறாரு!" என்றது மேல் மாடி. எல்லோரும் சிரித்தார்கள். கஜபதிக்குக் காது சிவந்தது. நாற்பது வருஷத்தில் அவர் முன்னால் கூடிய எந்தக் கூட்டமும் அவரைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை.

யாரோ படியேறி வந்து கைப்பிடிச் சுவரில் ஒரு தூக்குவாளியை வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். ரசம் சோறு, மேலே ஒரு அப்பளம். மைக் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து கஜபதி முகக்கவசத்தைக் கழற்றினார். இரண்டு வாய் சோற்றை அள்ளிப் போட்டார். அப்பளம் நொறுங்குகிற சத்தம் ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டது. அதற்கும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து வழிந்ததை ரசத்தின் மிளகு என்று விட்டுவிட்டார்.

தரை இறங்குவது நின்றது. புகைபோக்கி தன் இடத்தில் நின்றது. தொட்டியின் மேல் காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது, வேறு யாரும் இல்லை. ஒப்பற்ற குரலே என்பதற்கு அடுத்த வரி என்ன என்று தேடினார், வரவில்லை. தூக்குவாளியின் அடியை விரலால் வழித்தார்.

போர்வைக்கு அந்தப் பக்கம் மாஸ்டரின் நிழல் அசையாமல் இருந்தது.

"மாஸ்டர், நான் இப்ப பேசட்டுமா?"

"கை கழுவிட்டு வந்து நாலாம் பிளாக்க நீங்க கேளுங்க, தோழர். அங்க ரெண்டு வூட்ல இன்னும் யாரும் வெளிய வரல. டெஸ்டிங்கே முடியலையே."