ஆள்காட்டி ஆள் பார்க்காமல் கத்துவது ஏன்?

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் ஏரிக்கரைக்கு ஆள்காட்டிக் குருவிதான் காவல். கரையில் முட்டையிட்ட எல்லாருக்கும் அதன் குரல்தான் தைரியம். ஆனால் கத்துவதற்கு அது ஒரு வழக்கம் வைத்திருந்தது. ஊர்க்காரர் வந்தால் கத்தாது. வெளியாள் வந்தால் மட்டும் கத்தும்.

ஒருநாள் கரண்டிவாயன் என்ற பறவை வந்து இறங்கியது. வெள்ளை உடம்பு, நீண்ட கறுப்புக் கால், முனையில் அகப்பை போல விரிந்த அலகு. அப்படியோர் அலகை அந்த ஏரி பார்த்ததே இல்லை. போதாக்குறைக்கு அதன் குரல் வெறும் காற்றாகத்தான் வரும். பக்கத்தில் போனால்தான் கேட்கும். யார் போனார்கள்?

"அந்த மூக்கப் பாத்தியா தங்கச்சி?" என்றது கீரி, ஆள்காட்டியிடம். "முட்டை அள்ளுறதுக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?"

கீரி பாம்பை விரட்டுகிற ஆள். கரையில் அதற்கு நல்ல பெயர். ஆள்காட்டி தன் முட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் கூழாங்கற்களுக்கு நடுவே அது நான்கு முட்டை இட்டிருந்தது.

கரண்டிவாயன் அலகால் தண்ணீரைத் துழாவினால், "எதையோ தேடுறான்" என்றது ஆள்காட்டி. சும்மா நின்றால், "திட்டம் போடுறான்." தூங்கினால், "நடிக்கிறான்." கரையேற விடாமல் கத்தியே விரட்டியது. பாவம், அது சேற்றிலேயே நின்று நத்தையும் சின்ன மீனும் தின்றது.

மூன்றாம் நாள் கௌதாரியின் முட்டை இரண்டைக் காணவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றது கீரி, மீசையை நக்கிக்கொண்டே. மீசையில் என்ன ஒட்டியிருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஆள்காட்டி முட்டைகளை விட்டுவிட்டுத் தண்ணீரோரம் நின்று கரண்டிவாயனையே கண்காணித்தது. திடீரென்று கரண்டிவாயன் அலகைப் படபடவென்று தட்டிக்கொண்டு, முட்டை இருந்த பக்கமே பாய்ந்து வந்தது.

"வந்துட்டான்! திருடன் வந்துட்டான்!" ஆள்காட்டி குறுக்கே விழுந்து அதன் தலையில் கொத்தியது. இறகு பிய்ந்தது. கரண்டிவாயன் திருப்பிக் கொத்தவில்லை. ஆள்காட்டியின் முதுகுக்குப் பின்னால் அலகை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தது.

ஒருவழியாக ஆள்காட்டி திரும்பிப் பார்த்தது. கீரி மூன்றாவது முட்டையை உடைத்துக்கொண்டிருந்தது. கரண்டிவாயன்தான் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடி அதை விரட்டியது.

மிஞ்சியது ஒரே ஒரு முட்டை. ஆள்காட்டி அழுத அழுகையில் கண்ணோரம் சிவந்து தடித்துப்போனது. பிறகு முதல் தடவையாக அது கரண்டிவாயனின் பக்கத்தில் போய் நின்றது. காற்று மாதிரி ஒரு குரல் கேட்டது.

"கீரியப் பாருன்னு நாலு நாளா சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

ஆள்காட்டிக்கு வெட்கமாக இருந்தது. "உன் மூக்கையே பாத்துக்கிட்டிருந்துட்டேன். அவன் மீசையப் பாக்கல. இனிமே யார் வந்தாலும் கத்துவேன்."

"நான் வந்தா?"

"உனக்கும்தான். எல்லாருக்கும் கத்துற அளவுதான் உனக்கும்."

கரண்டிவாயன், "அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கரையேறியது.

அன்று முதல்தான் ஆள்காட்டி, வருவது கீரியானாலும் பசுவானாலும், பள்ளிக்கூடம் போகிற நீங்களானாலும், முகம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே குரலில் கத்துகிறது.