செந்தூரராயர் ஜெயித்த தேர்தல்

வெகு காலத்துக்கு முன்னே, நெய்தலூர் என்ற கடற்கரைச் சீமையை விக்கிரமசீலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சோறு தண்ணீரை விட அவருக்குச் சேதிதான் முக்கியம். எந்த நாட்டில் யார் பட்டத்துக்கு வந்தார், யார் கவிழ்ந்தார் என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். பல் துலக்கும்போதே, "கிழக்கே என்ன சேதி?" என்பார்.

சேதி சொல்வதற்கென்றே மதங்கனார் என்ற பிரபு இருந்தார். எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் தயார். அதனால் ராஜாவுக்குப் பக்கத்திலேயே அவருக்கு மெத்தை போட்ட ஆசனம். கப்பல்காரர்கள் யாராவது நிஜச் சேதி கொண்டுவந்து அந்த ஆசனத்தை ஆட்டிவிடுவார்களோ என்று அவருக்கு எப்போதும் பயம்.

அந்த வருஷம் கடலுக்கு அப்பால் மணித்தீவில் தேர்தல். அங்கே பட்டம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. சனங்கள் பிடித்தவர் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஓலை அதிகம் யாருக்கோ, அவரே தலைவர். அங்கிருந்து திரும்பிய தோணிக்காரர் கடலாண்டியை ராஜா ஆவலாகக் கூப்பிட்டு, "ஜெயித்தது யார்?" என்று கேட்டார்.

"தெரியாது மகாராஜா. ஓலையை எண்ணுவதற்கு முன்பே காற்று திரும்பிவிட்டது. பாயை விரித்து வந்துவிட்டேன்."

தெரியாது என்ற சொல்லை அந்தச் சபை கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. மதங்கனார் மீசையைத் தடவினார். "மறைக்கிறான் மகாராஜா. ஜெயித்தவன் நமக்குப் பகைவன். இவன் அவனுடைய ஒற்றன்."

ராஜா கொதித்துப்போனார். "பௌர்ணமிக்குள் வாயைத் திறக்காவிட்டால் இவன் தலை இருக்காது" என்று சிறையில் தள்ளிவிட்டார்.

கடலாண்டியின் மனைவி மூக்காயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பௌர்ணமிக்குப் பத்தே நாள். இந்த மனுஷன் ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கொல்லையில் கோழிகளுக்குக் கம்பு இறைத்தபடி புலம்பினாள். பொய் சொல்கிறவர் மெத்தையில், நிஜம் சொன்னவர் சிறையில். அங்கேதான் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள்.

"சாமி, என் வீட்டுக்காரருக்குத் தெரியாததெல்லாம் பெரியவருக்குத் தெரியுமாமே. சங்கினித் தீவிலும் இப்போது குடம் வைத்திருக்கிறார்கள். செந்தூரராயருக்கும் கருமாணிக்கருக்கும் கடும் போட்டி. யார் முந்துகிறார் என்று சொல்லுவாரா?"

சபையே மதங்கனாரைப் பார்த்தது. மதங்கனார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "செந்தூரராயர்தான். ஆனால் மயிரிழையில். நேற்று இரண்டு நாழிகை பேசினார். கூட்டம் அழுதுவிட்டது."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம்?"

அவ்வளவுதான், அரண்மனை பற்றிக்கொண்டது. தினம் மூன்று வேளை சங்கினித் தீவுச் சேதி. கருமாணிக்கரின் தம்பி கட்சி மாறினானாம். மீனவர் ஓலையெல்லாம் இந்தப் பக்கமாம், உப்பளத்தார் ஓலையெல்லாம் அந்தப் பக்கமாம். ராஜா செந்தூரராயர் கட்சி. ராணி சிங்காரவல்லி கருமாணிக்கர் கட்சி.

"பேச்சில் என்ன இருக்கிறது? கருமாணிக்கர் செயல்வீரர்" என்பார் ராணி.

"உனக்கு உலக நடப்பு தெரியாது" என்பார் ராஜா.

"உங்களுக்கு மட்டும் மதங்கனார் சொல்லாமலே தெரிந்துவிட்டதோ?"

சமையற்காரர் எதிர்க்கட்சி என்று ராஜா இரண்டு நாள் குழம்பு ஊற்றிக்கொள்ளவில்லை. வாயிற்காவலர்கள் ஈட்டியைப் போட்டுவிட்டுக் கட்டிப் புரண்டார்கள். மூக்காயி மட்டும் தினமும் சபையின் ஓரத்தில் நின்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். போட்ட திட்டம் எங்காவது பிசகினால் புருஷன் தலை போய்விடுமே என்று அவளுக்குப் பயம்.

பௌர்ணமியன்று காலை மதங்கனார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஜெயித்துவிட்டார் மகாராஜா, மூன்றே ஓலை வித்தியாசம்!"

ராஜா ஆசனத்தை விட்டுத் துள்ளி எழுந்தார். "என் ராயருக்குப் பட்டுப் பீதாம்பரம் கொடுத்தேன். மதங்கனாரே, நீரே கப்பலேறிக் கொண்டுபோய்க் கொடும்."

மதங்கனார் முகம் வெளிறியது. "நானா... இப்போது காற்று சரியில்லையே..."

மூக்காயி முன்னால் வந்தாள். "கப்பல் வேண்டாம் சாமி. ராயரே அரண்மனை வாசலில் வந்து நிற்கிறார். தோற்றவரும் கூடவே வந்திருக்கிறார்."

கொம்பு முழங்கியது, முரசு அதிர்ந்தது. ராஜா செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். அங்கே ஒரு மூங்கில் கூடை இருந்தது. மூக்காயி மூடியைத் திறந்தாள். சிவப்புச் சேவல் ஒன்று படபடவென்று படிமேல் ஏறி, கழுத்தை நீட்டிக் கூவியது. பின்னாலேயே ஒரு கறுப்புச் சேவல்.

"சிவப்பு செந்தூரராயர், கறுப்பு கருமாணிக்கர். சங்கினித் தீவு எங்கள் வீட்டுக் கொல்லை, முருங்கை மரத்தடி. பெரியவரே, அந்த இரண்டு நாழிகைப் பேச்சை இங்கேயும் ஒரு தரம் பேசச் சொல்லுங்களேன்."

முதலில் சிரித்தது ராணிதான்.

ராஜாவுக்குக் காது வரை சிவந்தது. "என்னையே ஏமாற்றினாயா?"

"நான் கேள்விதான் கேட்டேன் சாமி. தெரியாததைத் தெரியாது என்றவர் சிறையில் இருக்கிறார். அதைச் சொல்லத் தெரியாதவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறார். இந்த வாயை நம்பியா என் புருஷன் தலையை எடுக்கப் போகிறீர்கள்?"

ராஜா மெதுவாகத் திரும்பினார். "மதங்கனாரே, மணித்தீவில் ஜெயித்தது யார்?"

மதங்கனார் தலையைக் குனிந்துகொண்டார். "தெ... தெரியாது மகாராஜா."

"இப்போதுதான் நீர் ஒரு சேதி சொல்லியிருக்கிறீர்" என்றார் ராஜா. கடலாண்டி உடனே விடுதலையானார். மெத்தை ஆசனம் அவருக்குப் போனது. மதங்கனார் ஒரு வருஷம் துறைமுகத்தில் நின்று, கேட்கிறவர்களுக்கெல்லாம் அதே பதிலைச் சொல்லிப் பழக வேண்டும் என்று தீர்ப்பானது.

கொடுத்த வாக்குப்படி பட்டுப் பீதாம்பரத்தைச் செந்தூரராயருக்குப் போர்த்தினார்கள். அது சறுக்கி விழ, மூக்காயி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷன் கையைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தாள்.

ராணி மட்டும் நகரவில்லை. கறுப்புச் சேவலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்:

"அதெல்லாம் சரி. மூன்று ஓலையை எண்ணியது யார்? மறுபடி எண்ணச் சொல்லுங்கள்."