பேனாவைக் கீழே வைத்தவர்

தென்காசியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருந்தார் திருமலைக்குமார். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்றிதழ், எதுவானாலும் மனு அடித்துத் தருவார். வருகிறவர் வாயைத் திறந்ததுமே மீதியை இவரே சொல்லிவிடுவார். அவர் தலையாட்டி முடிப்பதற்குள் பாதிப் பக்கம் அடித்தாகியிருக்கும்.

மனைவி இறந்த வருஷத்திலிருந்து ஞாயிறுதோறும் அருள்நங்கையின் வீட்டுக்குப் போய்வந்தார். அங்கே பத்துப் பேர் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கேட்க நினைப்பவர் கேட்கலாம். அருள்நங்கை அவரைவிடப் பத்து வயது இளையவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை அம்மா என்பார். திருமலைக்குமார் குருவாக நினைத்தது அவரைத்தான்.

அந்த ஞாயிறு எல்லோரும் போன பிறகு திருமலைக்குமார் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

அவருடைய மகள் கோமதிக்குப் பத்து வயது. பேச்சு திக்கும். செங்கோட்டைச் சாலையில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளை அவசரப்படுத்தாமல் சொல்லித்தருகிற இடம் என்று பெயர். ஆறாம் வகுப்பில் சேர வெள்ளிக்கிழமை அங்கே நேர்காணல் நடந்தது. எமிமாள் என்ற டீச்சர் கேள்வி கேட்டார். அவருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதியிருப்பதாகவும், அம்மா ஒருமுறை பார்த்துத் தந்தால் நாளைக்கே தபாலில் சேர்த்துவிடுவதாகவும் திருமலைக்குமார் சொன்னார்.

அருள்நங்கை வாங்கிப் படித்தார். 'மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய' என்று தொடங்கி, பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்கு, தங்கள் மேலான கருணைக்கு என்று ஒரு பக்கம் ஓடி, 'என்றும் தங்கள் நன்றி மறவாத' என்று முடிந்திருந்தது.

மேலே இருந்த பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"இது யாருக்கு எழுதினது, அண்ணாச்சி?"

திருமலைக்குமார் மேலிருந்து கீழ் வரை பார்த்தார். தாசில்தாருக்கும் போகும். மின்வாரிய இன்ஜினியருக்கும் போகும். போன மாதம் ஒருவருக்கு அடித்துக்கொடுத்ததே ஏறக்குறைய இதுதான்.

"அவங்க என்ன செஞ்சாங்க?" என்று அருள்நங்கை கேட்டார்.

அவர் யோசித்துப் பார்த்தார். கோமதியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கண் முழுக்க டீச்சர் கையிலிருந்த தாள்மேல் இருந்தது. உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதற்குக் கோமதி திக்கியபோது, படம் வரையப் பிடிக்கும் என்று இவரே சொன்னார். அவளே சொல்லட்டும் சார் என்றார் டீச்சர். அப்போது இவர் முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரத்தில் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மார்க் போடுவதை நிறுத்திவிட்டார், இனி சீட் இல்லை என்று பயந்துபோனார். அதற்குமேல் எதுவும் மனதில் நிற்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "பார்த்தது அவ்வளவுதான், அம்மா" என்றார்.

"அப்போ பார்த்தவகிட்ட கேளுங்க."

அன்று மதியம் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் கோமதியிடம் கேட்டார். அந்த டீச்சர் உன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்றார்.

கோமதி, "அவங்க ந... ந..." என்றாள்.

"நல்லாப் பேசினாங்களா?"

இல்லையென்று தலையாட்டினாள். மறுபடியும் தொடங்கினாள். நிறையக் கேள்வி கேட்டார்களா என்றார். அதற்கும் தலையாட்டினாள். நடுவில் எழுந்து போனார்களா என்றார். கோமதி தட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அது அவருக்குப் பழகிப்போன மௌனம். பேச விருப்பமில்லாத பிள்ளை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

பிறகு அவள், திக்கித் திக்கி, ஒன்று சொன்னாள்.

"அவங்க இப்படிச் செய்யல, அப்பா."

திருமலைக்குமாருக்குச் சோற்றுக் கையைக் கழுவத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்த வார்த்தைகளையெல்லாம் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்திக்கொண்டார். கோமதி சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது.

தான் இப்போது படிக்கிற பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் மரங்கொத்தி கூடு வைத்திருப்பதைச் சொல்ல நினைத்திருக்கிறாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஃபைலோடு உள்ளே வந்தபோது, அவரை வெளியே இருக்கும்படி கையைக் காட்டினார். அவள் சொல்லி முடித்ததும், கூட்டுக்குள் எத்தனை குஞ்சு என்று கேட்டார். அவள் பேச்சைக் கேட்டு யாராவது இரண்டாவது கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் புதிதாக ஒரு கடிதம் எழுதினார். டைப் அடிக்கவில்லை. கையால் எழுதினார். ஆறே வரி. மறு ஞாயிறு அம்மாவிடம் காட்டிவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருந்தார்.

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து தகவல் வந்தது. கோமதிக்கு இடம் இல்லை. பன்னிரண்டு இடத்துக்கு இருநூறு பேர் வந்திருந்தார்களாம். அவளைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்தார். அவள் அழவில்லை. இவர்தான் கடையை மூடிவிட்டு ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தார்.

ஞாயிறன்று அருள்நங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"கடிதம்?" என்றார் அவர்.

"பையில இருக்கு. இனிமே அனுப்பினா, சீட் கேட்டு மறுபடியும் வர்றான்னு நினைப்பாங்க."

"கடிதத்துல சீட் கேட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா. சீட்தான் கொடுக்கலையே, பிறகு என்னத்துக்கு நன்றி?" என்றார்.

"படிங்க."

திருமலைக்குமார் காகிதத்தைப் பிரித்தார்.

"எமிமாள் டீச்சருக்கு வணக்கம். என் மகள் கோமதிக்குப் பேச்சு திக்கும். அவள் மரங்கொத்தியைப் பற்றிச் சொல்லி முடிக்கிற வரை நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தீர்கள். வீட்டில் நான் ஒரு நாளும் காத்திருந்தது இல்லை. இப்போது காத்திருக்கப் பழகுகிறேன். கூட்டில் மூன்று குஞ்சு இருப்பதை இன்று என்னிடமும் சொன்னாள்."

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல எந்த வரி இப்போ பொய்யாயிடுச்சு, அண்ணாச்சி?" என்று கேட்டார் அருள்நங்கை.