ஒரு சாண் தள்ளி விழுந்த தேங்காய்

மேழிபுரத்து அரசர் குமாரகண்டருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. பக்தி வருவதில் தப்பில்லை. அது அரசாணையாக வந்ததுதான் தப்பு.

ஒரு நாள் காலை நந்தவனத்தில் அவர் உலாவிக்கொண்டிருந்தபோது தென்னையிலிருந்து ஒரு தேங்காய் விழுந்தது. தலையில் அல்ல, ஒரு சாண் தள்ளி. அந்த ஒரு சாணில் அரசர் கடவுளைக் கண்டுவிட்டார். தாம் கண்டதோடு விட்டிருக்கலாம். குடிமக்களும் கண்டே தீரவேண்டும் என்றார். பௌர்ணமிதோறும் வீட்டுக்கு ஒருவர் அரண்மனைக்கு வரவேண்டும். அந்த மாதம் தம் வாழ்வில் கண்ட இறையருள் ஒன்றைச் சொல்லி ஓலையில் பதியவேண்டும். 'ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவர் கடவுளை மறுத்தவர். யாராயிருந்தாலும் அன்று பொழுது சாய்வதற்குள் ஆற்றுக்கு அக்கரை போய்விட வேண்டும். அக்கரை வேறு நாடு. அப்படித் துரத்தப்பட்டவர் திரும்ப முடியாது.

இதற்கென்று அருட்செயல் இலாகா ஒன்று முளைத்தது. அமைச்சர் சூரியமூர்த்தி அதன் தலைவர்.

முதல் மாதம் ஜனங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது, காணாமல் போன மாடு தானே வீடு வந்தது என்று சொன்னார்கள். இதெல்லாம் ஒரு அருளா என்று அமைச்சர் முகம் சுளித்தார். ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். அடுத்த மாதமே வேம்பில் மாம்பழம் பழுத்தது. கிணற்றுக்குள் சங்கு ஊதியது. செக்கு ஆட்டுபவர் ஒருவரின் ஆடு 'நமசிவாய' என்றது.

ஆட்டைச் சபைக்கு வரவழைத்தார்கள். அது 'மே' என்றது. 'மேலோனே' என்று சொல்ல வந்த ஆடு பக்திப் பெருக்கில் நா தழுதழுத்து நிறுத்திக்கொண்டது என்று அமைச்சர் விளக்கம் எழுதினார். ஆட்டுக்காரருக்குப் பட்டு கிடைத்தது. ஆட்டுக்கு மாலை கிடைத்தது. அது மாலையைத் தின்றுவிட்டது.

இப்படி நாடே அருளில் மூழ்கியிருக்க, பரிசல் ஓட்டும் நாச்சாயி மட்டும் கரையிலேயே நின்றாள். இந்த மாதம் என்ன ஆயிற்று என்று கேட்டால் ஒரே பதில்: "போனோமுங்க, வந்தோமுங்க. ஒண்ணும் ஆகலீங்க." அதையும் ஏதோ விருந்து சாப்பிட்டு எழுந்தவள் மாதிரி நிறைவாகச் சொல்வாள். இரண்டு பௌர்ணமி எழுத்தர் இரக்கப்பட்டு வேறு எதையோ எழுதி ஒப்பேற்றினார். ஆற்றில் ஒரு வெளிச்சம் கண்டதாகவாவது சொல்லித் தொலையேன் என்று காதோடு கெஞ்சியும் பார்த்தார்.

"பாக்காததப் பாத்தேன்னு சொன்னா, சாமி என்னைப் பரிசலோட கவுத்துடுமுங்க" என்றாள்.

மூன்றாம் பௌர்ணமிக்கு எழுத்தர் இடத்தில் அமைச்சரே உட்கார்ந்திருந்தார். சொன்னாள், மாட்டிக்கொண்டாள்.

சபையில் அமைச்சர் குற்றத்தை விவரித்தார். நாளைக்கு நாற்பது தடவை ஆற்றைக் கடக்கிறாளாம். ஒரு தடவைகூட இறைவன் எட்டிப் பார்க்கவில்லையாம். இதைவிட நாத்திகம் உண்டா?

நாச்சாயி வாதாடவில்லை. மகள் நிறைமாதம், பிள்ளை பிறக்கும்வரை மட்டும் இருக்க விடுங்கள் என்று கேட்டாள். அரசர் தாடையைத் தடவினார். அவருக்கும் மனசில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார்.

அப்போது அம்பலவாணர் எழுந்தார். அரசரைப் புகழ்ந்து பாடும் வேலைக்கு வந்த புலவர் அவர். ஆனால் கேள்வி கேட்டே பெயர் வாங்கியவர்.

"அரசே, யாராயிருந்தாலும் இதே சட்டம்தானா?"

"யாராயிருந்தாலும்."

"சந்தேகம் தீர்ந்தது. இலாகாவின் முதல் ஓலையை ஒருமுறை கேட்டுவிட்டால், இவளுக்கும் உண்மையான அருள் எதுவென்று தெரிந்துகொண்டு போக வசதியாக இருக்கும்."

அமைச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் ஓலை அரசருடையது. பட்டில் சுற்றி வைத்திருந்தார். எழுத்தரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

எழுத்தர் படித்தார்: "நந்தவனத்தில் அரசருக்கு ஒரு சாண் தள்ளித் தேங்காய் விழுந்தது. அரசியார் பதறி ஓடிவந்து, 'ஐயோ, என்ன ஆயிற்று?' என்று கேட்டார். அதற்கு அரசர் திருவாய் மலர்ந்தருளியது..."

எழுத்தர் நிறுத்திவிட்டார். தொண்டையைச் செருமினார்.

"படியுமய்யா" என்றார் அம்பலவாணர்.

"...'ஒன்றும் ஆகவில்லை.'"

அம்பலவாணர் நாச்சாயி பக்கம் திரும்பினார்.

"அம்மா, பரிசலில் இன்னொருவருக்கு இடம் இருக்குமா? அரசரும் அக்கரைக்கு வருகிறார்."

நாச்சாயிக்கு அது கேலி என்று படவில்லை. அரசரை மேலும் கீழும் பார்த்து எடை போட்டாள்.

"தாராளமா இருக்குதுங்க. மகராசா நடுவுல உக்காந்துக்கட்டும். ஆடாம அசையாம இருந்தாங்கன்னா ஒண்ணும் ஆகாதுங்க."

அரசர் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தங்களுக்குத் தேங்காய் விழுந்த பிறகு அருள் தெரிந்தது, அரசே. இவளுக்கு விழாமலே தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்" என்றார் அம்பலவாணர்.

ஆணை அந்த நிமிடமே ரத்தாயிற்று. நாச்சாயிக்குப் புதுப் பரிசல். மகளின் பேறுகாலத்துக்கு அரண்மனை மருத்துவச்சி. அம்பலவாணருக்கு அரசர் தம் மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்தபோது சூரியமூர்த்தி மெல்ல அம்பலவாணரை ஓரம்கட்டினார். ஆணை போனால் போகட்டும். அவர் கவலை வேறு.

"புலவரே, என் இலாகாவுக்கு ஒன்றும் ஆகாதல்லவா?"

அம்பலவாணர் அவர் தோளில் ஆறுதலாகக் கை வைத்தார்.

"ஒன்றுக்கும் ஆகாது, அமைச்சரே."