தெற்கு வாசலில் நிற்பவன்

வெண்மணற்பட்டணத்துக்குப் போவதற்கு முன் என்னென்ன புத்தகங்கள் படிக்க வேண்டும் என்று திருமேனி தன் குருவிடம் கேட்டார்.

குரு என்றதும் தாடி வைத்த கிழவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையடி மடத்து மயிலம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்குத்தான் தலை முழுக்க நரை. பள்ளிக்கூடம் நடத்திப் பெயர் வாங்கியவர். அந்தப் பெயரையும் சுமந்துகொண்டு மடத்துக்கு வந்தவர்.

"பட்டணத்துல என்ன வேலை ஐயா?" என்று அம்மை கேட்டாள்.

அவருடைய ஒரே மகன் நல்லசிவம் அங்கே இருந்தான். காலம் போன கடைசியில் பிறந்த, தாயில்லாப் பிள்ளை. அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவருக்கு அது பெரிய தலைகுனிவு. ஒருநாள் வகுப்பே பார்த்திருக்கச் சிலேட்டை எடுத்து அவன் முகத்தில் வீசிவிட்டார். இடது புருவம் பிளந்தது. காயம் ஆறியதும் பையன் வீட்டை விட்டுப் போய்விட்டான்.

இப்போது உப்பு வண்டிக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். பட்டணத்துத் தெற்கு வாசலில்தான் நிற்கிறானாம். அப்பா வந்து கூப்பிட்டால் வந்துவிடுவானாம்.

"அப்ப காலையிலேயே கிளம்பலாமே. கட்டுச்சோறு தயார் பண்ணச் சொல்றேன்."

"முன்னப்பின்ன தெரியாத ஊரும்மா. ஒண்ணும் படிக்காம எப்படிப் போறது?"

நல்ல நாள் பார்த்துக் கிளம்புகிறவர்கள் உண்டு. திருமேனி நல்ல புத்தகம் பார்த்துக் கிளம்புகிறவர். உண்மையில் அவருக்குப் பயம். அந்தத் தழும்பை நேருக்கு நேர் எப்படிப் பார்ப்பது என்ற பயம். அதைச் சொல்ல வாய் வராமல்தான் புத்தகம் கேட்டார்.

அம்மை உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள். நூறு வருஷத்துக்கு முன் பட்டணம் போய்வந்த முத்து வியாபாரி ஒருவர் எழுதியது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிரித்தார். கொஞ்சம் வெள்ளை மணல் மடியில் உதிர்ந்தது. தட்டிவிட்டுப் படித்தார். தங்குவதற்கு எந்தச் சத்திரம் நல்லது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது, மீன் எந்தத் தெருவில் மலிவு, எல்லாம் இருந்தது. நடுவில் இப்படி ஒரு வரியும் இருந்தது.

'தெற்கு வாசலில் மீசை அரும்பிய பையன் ஒருவன், புருவத்தில் தழும்புள்ளவன், என் அப்பா வந்துவிட்டாரா என்று கேட்டான்.'

அடுத்த வரியில் வியாபாரி வாசல் கதவின் உயரத்தைப் பற்றிச் சொல்லப் போய்விட்டார்.

திருமேனி அந்த வரியை மறுபடி படித்தார். நூறு வருஷத்துக்கு முந்திய பையன் தன் பையனாக இருக்க முடியாது. உலகத்தில் புருவத் தழும்பு ஒருவனுக்குத்தானா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"கிளம்பலாமா ஐயா?" என்று அம்மை கேட்டாள்.

ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டாயிற்று, சுற்றுவட்டாரம் தெரியவில்லையே என்றார் அவர். வழியில் உப்பளம் இருக்கிறது, பனங்காடு இருக்கிறது, ஆறு கடலில் விழும் இடத்தைப் பரிசலில் கடக்க வேண்டும்.

அம்மை மறுபடி உள்ளே போனாள். மூலிகை தேடி அந்தப் பக்கமெல்லாம் அலைந்த வைத்தியர் ஒருவரின் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். வியாபாரிக்கும் முந்தியவர் அவர். இந்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாக மணல் கொட்டியது. பனங்காடும் பரிசல் துறையும் கடந்து, வைத்தியரும் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

'நடுவயதுக்காரர் ஒருவர் வழிமறித்து, அப்பா வந்துவிட்டாரா என்றார். இடது புருவத்தில் பழைய வெட்டு. யாரும் மருந்து வைத்துக் கட்டியதாகத் தெரியவில்லை. வாசலுக்கு வெளியே தூதுவளை ஏராளம்.'

மருந்து வைத்துக் கட்டாதது நிஜம். உள்ளூர் வைத்தியர் வீட்டுக்குப் போனால் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று அன்றைக்குத் திருமேனி வெறும் துணியைச் சுற்றிவிட்டிருந்தார்.

அப்போதும் அவர் கிளம்பவில்லை. பட்டணத்தின் பழைய சண்டை சச்சரவெல்லாம் தெரியாமல் போய் யாரிடமாவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் என்ன செய்வது என்றார். அவருக்கே அது சாக்கு என்று தெரிந்தது. அம்மைக்கும் தெரிந்திருக்கும். அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல், படையோடு அங்கே போன ஒருவர் எழுதியதைக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் பழையது அதுதான். அதிலிருந்து விழுந்த மணல் ஈரமாக இருந்தது.

'வாசலில் பல் போன கிழவர் ஒருவர் சுவரைப் பிடித்தபடி நின்றார். புருவம் பிளந்து ஒட்டியிருந்தது. குரல் எழும்பவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டேன். அப்பா என்பது மட்டும் விளங்கியது. அங்கிருந்து போய்க் கூடாரம் அடித்தோம்.'

திருமேனி எழுந்து ஓடி, வியாபாரியின் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். அதே பக்கம். கதவின் உயரம் அப்படியே இருந்தது. அதற்கு மேல் வரியில் பையன் இல்லை. பல் போன கிழவர் இருந்தார். வைத்தியரின் புத்தகத்திலும் அந்தக் கிழவர்தான் நின்றார்.

எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு அம்மையிடம் வந்தார். அழுதார்.

"எழுதி முடிச்ச புத்தகம் மாறுமா அம்மா?"

"மாறாதுன்னு எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை பேர் அவனைப் பார்த்திருக்காங்க. ஒருத்தர்கூட நின்னு பதில் சொல்லலையே."

"அவங்க ஊர் பார்க்கப் போனவங்க ஐயா."

"தெரிஞ்சும் ஏம்மா எனக்கு இதையெல்லாம் கொடுத்தீங்க?"

"நீங்க கேட்டீங்க."

அம்மை உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது. பட்டணத்தைப் பற்றி மடத்தில் இருப்பது இதோடு முடிந்தது என்று சொல்லி நீட்டினாள். பிரிக்காமலேயே அதன் ஓரத்திலிருந்து மணல் கசிந்து அவள் விரல்களுக்கு இடையில் ஒழுகியது.

பழக்கத்தில் திருமேனியின் கை முன்னால் போனது. பாதியில் நின்றது.

"இதுல அவன் இருக்கானா அம்மா?"

"நீங்க பிரிக்கிற வரைக்கும் இருக்கான்."