வெறும் வண்டி

சிறுமலை அடிவாரத்தில் உள்ள மடத்துக்குத் தலைவி செண்பகம்மாள். சீடர் மாசிலாமணி அவரைவிட வயதில் மூத்தவர். சீடர் "அம்மா" என்பார், குரு "அண்ணே" என்பார். மடத்தில் யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை.

கோபத்தில் சொந்தத் தம்பியைக் கை நீட்டி அடித்துவிட்டு, அந்த அவமானம் தாங்காமல் வீட்டை விட்டு வந்தவர் மாசிலாமணி. வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒருநாள் காலையில் குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, எனக்கு இப்பல்லாம் கோபமே வர்றதில்ல. காவி குடுத்துருங்க."

"குடுக்கலாம். அதுக்கு முன்னாடி நம்ம வண்டியைக் கொஞ்சம் பாருங்கண்ணே. கிளட்ச் நழுவுதுன்னு சுருளி சொல்றான்."

சுருளி மடத்துச் சமையல்காரன். வண்டி பழைய மோட்டார் சைக்கிள். அதைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்பவர் மாசிலாமணிதான். அதன்மேல் யாராவது குறை சொன்னால் அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

கிளட்ச் லீவரை அழுத்திப் பார்த்தார். கேபிளில் தளர்ச்சி அளவாகத்தான் இருந்தது. ஒரே உதையில் வண்டி கிளம்பியது. தென்னந்தோப்பைச் சுற்றி ஜோராக ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து நின்றார்.

"ஒரு கோளாறும் இல்லம்மா. சுருளிக்கு ஓட்டத் தெரியல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

செண்பகம்மாள் சிரித்துவிட்டார். ஓர் அரிசி மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி வண்டியில் போட்டு, தானும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"மலைப்பாதையில விடுங்க."

மேடு தொடங்கும்வரை வண்டி ஒழுங்காகப் போயிற்று. மேட்டில் மாசிலாமணி ஆக்சிலரேட்டரை முறுக்கினார். இன்ஜின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. இன்னும் முறுக்கினார். வண்டி கத்திக்கொண்டே ஊர்ந்தது. கருகிய வாடை வந்தது.

ஓரமாக நிறுத்தினார்.

"சுருளி சொன்னது சரிதாம்மா. கிளட்ச் பிளேட் தேஞ்சுபோச்சு. மாத்தணும்."

"தோப்புல நல்லா ஓடுச்சே?"

"அது வெறும் வண்டிம்மா. அங்க எப்படித் தெரியும்? பாரம் ஏத்தி மேட்டுல விட்டாத்தான் தெரியும்."

செண்பகம்மாள் இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டார். இருவரும் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

"தம்பி இப்ப எங்க இருக்காரு?"

அந்தப் பேச்சே மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை.

"நத்தத்துல. எங்க பழைய வீட்டுலதான். அவன் வாயி கொஞ்சமும் மாறலன்னு சொல்றாங்க."

"நல்லதாப் போச்சு. ஒரு மாசம் அவரோட இருந்துட்டு வாங்கண்ணே. காவி எங்கயும் ஓடிப்போயிடாது."