மருதமரத்தடிப் பானை

நிறைய நிறைய உள்ளே ஒன்றுமில்லாமல் போகும் பானை எது? யோசித்துக்கொண்டே இந்தக் கதையைக் கேளுங்கள்.

குளக்கரையில் பெரிய மருதமரம். அதன் அடியில் ஓர் இலவச வைத்தியசாலை. காட்டில் யாருக்கு நோய் வந்தாலும் அங்கேதான் போக வேண்டும். தழைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கரடி வைத்தியம் பார்க்கும். வாசலில் வரிசையைக் கவனிப்பதும், கடைசியில் மருந்துப் பொட்டலம் கொடுப்பதும் மயிலின் வேலை.

ஒருநாள் கரடிக்கு ஓர் ஆசை வந்தது. 'நம்மிடம் வருகிறவர்கள் மனநிறைவோடு போகிறார்களா? அளந்து பார்க்க வேண்டும்!'

உள்ளே, மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு பானையை வைத்தது. பக்கத்தில் இரண்டு கூடைகள். ஒன்றில் சிவப்பு மஞ்சாடி விதைகள். மற்றதில் புளியங்கொட்டைகள்.

"நல்லாக் கவனிச்சோமா? மஞ்சாடி போடுங்க. குறை இருக்கா? புளியங்கொட்டை போடுங்க!" என்று எல்லாருக்கும் அறிவித்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மயில் பானையை ஒட்டியே நின்றது. பொட்டலத்தின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, "முதல்ல விதை! அப்புறம்தான் மருந்து!" என்றது.

"என்னண்ணே போடப் போறீங்க?" என்று குரங்கின் காதைக் கடித்தது முயல்.

"மஞ்சாடிதான்! புளியங்கொட்டை போட்டா, அடுத்த தடவை வரிசையில கடைசி ஆள் நான்தான்!" என்றது குரங்கு.

பானை நிறைந்தது. கரடி கையை விட்டுத் துழாவிப் பார்த்தது. ஒரு புளியங்கொட்டைகூட இல்லை!

"பார்த்தியா மயிலே! காடே நம்மை மெச்சுது!"

"பின்னே? தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க, வைத்தியரே!" என்று தோகையை விரித்தது மயில்.

காட்டுச் சபையை அழைத்துப் பானையைக் காட்ட நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள், வேர் தோண்டுவதற்காகக் கரடி மேட்டுப்பக்கம் போனது. புற்றுக்குப் பின்னால் முனகல் கேட்டது. அங்கே ஒரு வளைக்குள் கூரன் என்னும் முள்ளம்பன்றிக் குட்டி படுத்திருந்தது. அதன் பின்னங்கால் சீழ் பிடித்து வீங்கியிருந்தது. தாய் செங்கமலம் ஈரத் தழையால் ஒற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காலே போயிருக்கும்! பிள்ளையை ஏன் கூட்டி வரலை?" என்று கரடி அதட்டியது.

செங்கமலம் தலை குனிந்தது. "வந்தேனே, வைத்தியரே."

"வந்தியா? எப்போ?"

"இலந்தை முள் குத்தின அன்னிக்கே வந்தேன். 'உன் முள்ளு என் தோகையைக் கிழிச்சிடும், ஓரமா நில்லு'ன்னு மயில் சொல்லிச்சு. வெயில் சாயும்வரை ஓரமாவே நின்னேன். அப்புறம், 'நேரம் முடிஞ்சாச்சு, போ போ'ன்னு விரட்டிடுச்சு. வரிசையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. மறுபடி வர மனசு வரலை."

"என்னம்மா சொல்றே? பானையில ஒரு புளியங்கொட்டைகூட இல்லையே!"

குட்டி மெல்ல வாய் திறந்தது. "பானை உள்ளே இருக்கு, மாமா. எங்களைத்தான் உள்ளே விடவே இல்லையே."

கரடிக்குச் சுருக்கென்றது. அந்தச் சிரிப்பு அதற்கு ஞாபகம் வந்தது. அன்று தடுப்புக்குப் பின்னால் இருந்த அதன் காதிலும் அது விழுந்திருந்தது. 'மயில் வரிசையை ஒழுங்காக நடத்துகிறது' என்று நினைத்ததே தவிர, தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தச் சத்தம் என் காதுல விழுந்துச்சு அம்மா. நான்தான் எழுந்து வரலை," என்றது கரடி. செங்கமலத்தின் முகத்தைப் பார்க்க அதற்குத் துணிவு வரவில்லை.

கூரனைத் தோளில் தூக்கிக்கொண்டது. வழியெல்லாம் குட்டியின் முட்கள் குத்தின. கரடி இறக்கிவிடாமல் நடந்தது. வைத்தியசாலையில் இலந்தை முள்ளை எடுத்து, சீழைக் கழுவி, பச்சிலை வைத்துக் கட்டியது.

மறுநாள் சபை கூடியது. கரடி எல்லார் முன்னிலையிலும் பானையைக் கவிழ்த்தது. மஞ்சாடி விதைகள் உருண்டோடின.

"இதை நம்பாதீங்க. வந்தவங்களைப் பயமில்லாம பேச விடலை. திரும்பிப் போனவங்களைக் கேட்கவே இல்லை. தப்பு என்னோடது," என்றது.

"ஐயோ, வைத்தியரே! இப்படி மானத்தை வாங்கிட்டீங்களே!" என்று மயில் பதறியது.

"விரட்டினது நீ. கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தது நான். ரெண்டு பேர் மானமும் போகட்டும்!"

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றது.

கரடி பானையையும் விதைக் கூடைகளையும் எடுத்துப் போய், வெளியே பாதை பிரியும் இடத்தில், தாழம்புதர் மறைவில் வைத்தது. மருந்து வாங்கியவரும் போடலாம். வாங்காமல் திரும்புகிறவரும் போடலாம். யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கூரனின் கால் பிழைத்தது. நொண்டல் மட்டும் போகவில்லை. கட்டு அவிழ்த்த அன்று அது நொண்டி நொண்டிப் பானையருகே வந்தது.

"காலைக் காப்பாத்திக் கொடுத்தாரேடா. மஞ்சாடி போடு," என்றது செங்கமலம்.

"அவனை விடு அம்மா," என்ற கரடி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டது.

விடுகதைக்கு விடை இதுதான்: பயந்தவர் தந்த பாராட்டால் நிறைந்த பானை வெறும் பானை; விரட்டப்பட்டவரையும் தேடிப்போய்க் கேட்பவருக்கே உண்மை தெரியும்.

கூரன் புளியங்கொட்டையைப் போட்டது.